ரெண்டு காலேஜ், ரெண்டு ஃபெயில், ஒரு நோட்டுப் புத்தகம்... இவருக்கு சீட் கிடைக்குமா, சொல்லுங்க!

பனமலை போயிருக்கீங்களா? விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல, ஏரியை ஒட்டி நிக்கிற சின்னக் குன்று. மேல, சுமார் 1,300 வருஷத்துக்கு முன்னாடி ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீஸ்வரர் கோயில். உள்ள ஒரு சுவர்ல பார்வதியோட ஓவியம். பெரும்பகுதி உதிர்ந்துபோச்சு. ஆனா, முகம் மட்டும் இன்னும் பளிச்சுனு இருக்கு.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அங்க போயிருந்தேன். படிக்கட்டுல ஒரு தம்பி செல்போனை வச்சுக்கிட்டு ஏதோ கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தான். கட்-ஆஃப்தான். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50... மொத்தம் 200. கணக்குல பிச்சு உதறியிருக்கான், வேதியியல்ல சறுக்கிட்டான். நாலு முறை கூட்டிப் பார்த்தும் நம்பர் மாறலை. எனக்கு அந்த காலேஜ்ல சீட் கிடைக்குமாக்கான்னு கேட்டான். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை.

திரும்பி வர்ற வழியிலதான் ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட இதே கேள்வியோட, இதே தென்னாற்காடு மண்ணுக்கு ஒருத்தர் ரயில் ஏறி வந்திருக்கார். 1910-ல. விழுப்புரத்துல இறங்கி, காட்பாடி போற பாதையில திருக்கோவிலூர் போனார். கையில ஒரே ஒரு நோட்டுப் புத்தகக் கட்டு.

அவர் யாருங்கிறது இருக்கட்டும். முதல்ல அவரோட விவரத்தைத் தர்றேன். நீங்கதான் அட்மிஷன் கமிட்டின்னு வச்சுக்குங்க.

வயது 22. அப்பா ஜவுளிக்கடை குமாஸ்தா, மாச சம்பளம் சுமார் 20 ரூபாய். பள்ளியில முதல் மாணவர். முதல் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் கிடைச்சு, அதே வருஷம் போயிடுச்சு. அந்த வருத்தத்துல வீட்டை விட்டு ஓடினவர். ரெண்டாவது காலேஜ்ல இறுதித் தேர்வு ஃபெயில். அடுத்த வருஷம் தனியா எழுதி, மறுபடி ஃபெயில். டிகிரி இல்லை. வேலை இல்லை. கல்யாணம் மட்டும் ஆகிடுச்சு.

சீட் கொடுப்பீங்களா?

நியாயமா யோசிச்சா கொடுக்க மாட்டீங்க. அன்னைக்கும் யாரும் கொடுக்கலை. அவர் பெயர் ஸ்ரீனிவாச ராமானுஜன்.

கணித மேதைன்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. 1729 கதையும் தெரிஞ்சிருக்கும். அதை விட்டுடலாம். ஒரு மாணவரா, ஒரு விண்ணப்பதாரரா அவரை யார் யார் எடை போட்டாங்க, எங்க தப்பா போட்டாங்க, எங்க சரியா போட்டாங்கன்னு மட்டும் பார்ப்போம்.

சாரங்கபாணி சந்நிதித் தெருவின் முதல் மாணவன்

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தார் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். அப்பா ஸ்ரீனிவாச ஐயங்கார் புடவைக்கடையில் கணக்கு எழுதினார். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். வீட்டில் சாப்பாட்டுக்கே இழுபறி. செலவைச் சமாளிக்க வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

1897-ல் நடந்த தொடக்கநிலைத் தேர்வில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலிடம். அடுத்து கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். அங்கேயும் எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க். இதைக் கொஞ்சம் கவனிங்க. ராமானுஜனுக்குக் கணக்கைத் தவிர வேற எதுவும் வராதுங்கிற கதை பள்ளி நாட்களுக்குப் பொருந்தாது. 1904-ல் பள்ளி முடிக்கும்போது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு வாங்கினார். முழு மதிப்பெண்ணும் இந்தப் பையனுக்குப் போதாது என்கிற அர்த்தத்தில் மேடையிலேயே பாராட்டினார் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர். அடுத்து கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சுப்பிரமணியம் ஸ்காலர்ஷிப். அது எதுக்குக் கொடுத்தது தெரியுமா? கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்றதுக்கு!

அதே ஆங்கிலம்தான் கொஞ்ச மாசத்துல அவரைக் கவிழ்த்துச்சு.

ஒரு புத்தகம் செய்த வேலை

இடையில் நடந்தது ஒரே ஒரு விஷயம். பள்ளியின் கடைசி ஆண்டுகளில், சுமார் 15 வயதில், ஜி.எஸ்.கார் என்பவர் எழுதிய ஒரு தடிமனான கணிதத் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. லண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்த ஆசிரியர் அவர். புத்தகத்தில் சுமார் 5,000 சூத்திரங்கள், தேற்றங்கள். விளக்கம் ரொம்பக் கம்மி. ஒருவகையில் இன்றைய கோச்சிங் சென்டர் மெட்டீரியல் மாதிரிதான்.

அந்தப் புத்தகத்தை மனப்பாடம் பண்றவங்க தேர்வுல பாஸ் ஆவாங்க. ராமானுஜன் வேற மாதிரி எடுத்துக்கிட்டார். ஒவ்வொரு சூத்திரமும் எப்படி வந்ததுன்னு தானே கண்டுபிடிக்க உட்கார்ந்தார். ஒன்றைப் பிடித்தால் அது இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது. காகிதம் வாங்கக் காசு இல்லாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசி விடையை மட்டும் நோட்டில் எழுதினார். பின்னால் பல பேராசிரியர்களைக் குழப்பிய பழக்கம் இது. விடை இருக்கும், வழி இருக்காது.

கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பு. இன்றைய ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாதிரி ரெண்டு வருஷப் படிப்பு. ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க-ரோமானிய வரலாறு, சம்ஸ்கிருதம்னு பல பாடங்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் ராமானுஜன் போட்டது கணக்குத்தான். ஆங்கிலத்தில் தோற்றார். மேல் வகுப்புக்கு அனுப்பவில்லை. ஸ்காலர்ஷிப் போனது. ஒரு பருவத்துக்கான கட்டணமே 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம்.

இங்கே கல்லூரி செஞ்சது தப்புன்னு சட்டுனு சொல்லிட முடியாது. ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு விதி இருந்தது. அந்த விதியை அவர் நிறைவேற்றலை. ஆனா, அந்த விதிக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியாது. போன வருஷம் ஆங்கிலத்துக்கும் சேர்த்துப் பரிசு வாங்கின பையன், இந்த வருஷம் ஏன் ஃபெயில் ஆனான்? அதைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

காணாமல்போன மகன்

1905 ஆகஸ்ட்டில், 17 வயதில், வீட்டில் சொல்லாமல் ரயில் ஏறினார். போய் இறங்கியது விசாகப்பட்டினம். மகனைக் காணவில்லை என்று 'தி ஹிந்து' நாளிதழில் செப்டம்பர் மாதம் அறிவிப்பு வந்தது. ஒரு ஸ்காலர்ஷிப் போன அவமானம் ஒரு பையனை எவ்வளவு தூரம் தள்ளும்ங்கிறதுக்கு அந்த ரயில் தூரமே சாட்சி.

நல்லவேளை, திரும்பி வந்தார். ரிசல்ட் நாளில் இந்தப் பத்தியை நீங்க படிக்கிறதா இருந்தா, ஒண்ணு சொல்லிடறேன். தனியா எங்கேயும் போயிடாதீங்க. யார்கிட்டயாவது பேசுங்க. வீட்டுல பேச முடியலைன்னா 104-க்கோ, 14416-க்கோ கால் பண்ணுங்க. எந்த நேரத்திலும் எடுப்பாங்க.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. இரண்டாவது வாய்ப்பு. அவருடைய நோட்டுகளைப் பார்த்த கணித ஆசிரியர் வியந்துபோனார். கட்டணத்தில் சலுகையும் கிடைத்தது. ஆனால், சில மாதங்களில் கடுமையான வயிற்றுப்போக்கு. கும்பகோணத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. அடுத்த ஆண்டு, 1907-ல், தனித்தேர்வராக எழுதினார். மறுபடியும் தோல்வி. குறிப்பாக உடலியல் பாடத்தில் படுமோசம். விலங்குகளை அறுத்துப் பார்க்கும் அந்தப் பாடம் அவருக்குக் கடைசிவரை ஒட்டவே இல்லை.

அத்தோடு கல்லூரிக் கதவு மூடிக்கொண்டது. அடுத்த ரெண்டு வருஷம் கும்பகோணத்தில் வேலையில்லாத இளைஞன். டியூஷன் எடுத்துப் பார்த்தார். பாடத்தை விட்டு எங்கேயோ போய்விடுவார் என்பதால் அதுவும் நிலைக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நோட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். 1909 ஜூலையில் அம்மா கல்யாணம் செய்துவைத்தார். மணப்பெண் ஜானகிக்கு அப்போது சுமார் 10 வயது. குழந்தைத் திருமணம் சாதாரணமாக நடந்த காலம்.

கல்யாணம் ஆனதும் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம். 1910 தொடக்கத்தில் ஓர் அறுவை சிகிச்சை. அதிலிருந்து தேறியதும் வேலை தேடிக் கிளம்பினார். அப்போதுதான் அந்த விழுப்புரம் ரயில்.

திருக்கோவிலூரில் கிடைக்காமல்போன வேலை

திருக்கோவிலூர் அப்போது தென்னாற்காடு மாவட்டம், இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் ஆரம்பித்தவர். அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே கணிதத்தின் மேல் பைத்தியமாக இருந்த மனிதர்.

ராமானுஜன் அவரிடம் கேட்டது பெரிய பதவி எல்லாம் இல்லை. தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. சிபாரிசுக் கடிதம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. நோட்டை மட்டும் நீட்டினார்.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராமசாமி ஐயர் நினைத்திருந்தால் அன்றைக்கே ஒரு வேலை போட்டுக்கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. நோட்டைப் புரட்டினார். இப்படிப்பட்டவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்தால் அவர் அங்கேயே புதைந்துபோவார் என்று நினைத்தார். சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

மார்க் ஷீட்டைப் பார்க்காம, மாணவர் செஞ்ச வேலையைப் பார்த்த அட்மிஷன் அதிகாரின்னு அவரைச் சொல்லலாம். அதைச் செய்ய அவரால முடிஞ்சதுக்குக் காரணம், அந்த நோட்டைப் படிக்கிற அளவுக்கு அவருக்குக் கணிதம் தெரிஞ்சிருந்தது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

நம்பாத கலெக்டரும் 25 ரூபாயும்

சென்னையில் பி.வி.சேஷு ஐயர் என்ற கணிதப் பேராசிரியர் வழியாக, நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவைப் போய்ச் சந்தித்தார் ராமானுஜன். ராமச்சந்திர ராவும் கணிதம் தெரிந்தவர்தான். ஆனால், முதல் சந்திப்பிலேயே நம்பிவிடவில்லை. இந்த இளைஞன் எழுதியிருப்பது மேதைமையா, பிதற்றலா என்று அவருக்குத் தெரியவில்லை. ராமானுஜன் விடாமல் மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார். எளிய விஷயங்களில் ஆரம்பித்து, படிப்படியாகத் தன் கண்டுபிடிப்புகளுக்கு அவரை அழைத்துப் போனார். கடைசியில் கலெக்டர் நம்பினார். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்தே கொடுக்க ஆரம்பித்தார்.

நேர்காணலுக்குப் போறவங்க இந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கலாம். தன்கிட்ட இருக்கிறதை எதிர்ல இருக்கிறவருக்குப் புரியற படிக்கட்டுல இருந்து ஆரம்பிச்சார் ராமானுஜன். கூச்ச சுபாவம் உள்ளவர், பேச்சுத் திறமை இல்லாதவர். ஆனா, அன்னைக்கு அதைச் செஞ்சார்.

1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில், பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. டிகிரி இல்லாத ஆளிடம் இப்போது அச்சில் வந்த ஒரு கட்டுரை இருந்தது. ஆனாலும், மற்றவர் காசில் சாப்பிடுவது அவருக்கு உறுத்தியது. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். அங்கே தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயரும் ஒரு கணிதக்காரர். தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். இருவரும் சேர்ந்து, இந்த ஆள் இங்கே உட்கார வேண்டியவர் இல்லை என்று வெளியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நாலு பேராசிரியர்கள், ஒரே மாதிரி கணக்கு

இனிதான் உண்மையான அட்மிஷன் பரீட்சை. ராமானுஜனின் கணிதம் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதத்தில் போனது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் எம்.ஜே.எம்.ஹில்லுக்கு அவருடைய பழைய மாணவரான சென்னைப் பேராசிரியர் ஒருவர் எழுதினார். ஹில், திறமை இருக்கிறது, ஆனால் அடிப்படைப் பயிற்சி போதவில்லை, சில இடங்களில் தடுக்கி விழுந்திருக்கிறார் என்று கருதி, படிக்க ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்ததோடு நிறுத்திக்கொண்டார். கேம்பிரிட்ஜின் எச்.எஃப்.பேக்கர், இ.டபிள்யூ.ஹாப்சன் இருவரும் உதவ முன்வரவில்லை. மூவருமே பெரிய கணித அறிஞர்கள்.

1913 ஜனவரி 16. டிரினிட்டி கல்லூரியின் ஜி.எச்.ஹார்டிக்கு ராமானுஜன் எழுதினார். தான் பல்கலைக்கழகப் படிப்பு முடிக்காத, சம்பளம் குறைந்த குமாஸ்தா என்பதை முதலிலேயே மறைக்காமல் சொல்லிவிட்டார். கூடவே சுமார் 120 தேற்றங்கள். நிரூபணம் கிடையாது.

ஹார்டிக்கும் முதலில் சந்தேகம்தான். யாரோ விளையாடுகிறார்களோ என்றுகூட நினைத்தார். ஆனால், கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை. அன்றிரவு சக கணிதர் லிட்டில்வுட்டையும் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். சில தேற்றங்கள் ஏற்கெனவே தெரிந்தவை. சிலவற்றை ஹார்டியே கஷ்டப்பட்டுத்தான் நிரூபிக்க முடிந்தது. சில, அவர் வாழ்நாளில் பார்த்தே இராதவை. எழுந்தபோது ரெண்டு பேருக்கும் சந்தேகம் தீர்ந்திருந்தது.

பிப்ரவரி 8 அன்று ஹார்டி பதில் எழுதினார். அதில் ராமானுஜனின் முடிவுகளை மூன்றாகப் பிரித்தார். ஏற்கெனவே தெரிந்தவை, புதுசு ஆனால் சுவாரஸ்யத்தோடு நிற்பவை, புதுசு அதோடு முக்கியமானவை. அதோடு நிரூபணங்களையும் கேட்டார்.

ஒரு விண்ணப்பத்தை எப்படி மதிப்பிடணும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. புகழ்ச்சி மட்டும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. எது பழசு, எது புதுசு, எது இன்னும் தேவைன்னு பிரிச்சுச் சொல்ற பதில்.

விதியைத் திறந்த சென்னைப் பல்கலைக்கழகம்

இந்தக் கதையில் கேம்பிரிட்ஜுக்குக் கிடைக்கிற கைத்தட்டல் சென்னைக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கணும்.

ஹார்டியின் பதில் வந்த அதே பிப்ரவரியில், வானிலை ஆய்வுத் துறைத் தலைவரும் கேம்பிரிட்ஜ் கணிதருமான கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். ராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். சிக்கல் என்னவென்றால், அந்த உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் தேவை. இவரோ எஃப்.ஏ.வே தாண்டாதவர். ரெண்டு தடவை இவரை ஃபெயில் ஆக்கியதும் இதே பல்கலைக்கழகத்தின் தேர்வுதான்!

பாடக்குழு கூடியது, சிண்டிகேட் கூடியது. எதிர்ப்பும் இருந்தது. கடைசியில் விதியைத் தளர்த்தினார்கள். 1913 மே 1 முதல், மாதம் 75 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். 25 வயதில், வாழ்க்கையில் முதன்முறையாக, கணக்குப் போடுவதற்காகவே அவருக்குச் சம்பளம் வந்தது.

அடுத்து கேம்பிரிட்ஜ். கடல் தாண்டுவது அன்றைய வைஷ்ணவப் பிராமணக் குடும்பத்தில் பெரிய விலக்கு. ராமானுஜன் முதலில் மறுத்தார். பிறகு மனம் மாறினார். நாமக்கல் கோயிலில் தங்கி நாமகிரித் தாயாரிடம் உத்தரவு கேட்டதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த டிரினிட்டியின் இ.எச்.நெவில் மீதித் தயக்கத்தையும் போக்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் ராமானுஜனை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பியது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராகச் சேர வழக்கமாகத் தேவைப்படும் சான்றிதழ் நிபந்தனையை அங்கேயும் தளர்த்தினார்கள்.

சீட் கிடைத்த பிறகு

பெரிய காலேஜில் சேர்ந்துவிட்டால் வாழ்க்கை செட்டில் என்று நினைக்கிறோமே, அதற்கும் இந்தக் கதையில் பதில் இருக்கிறது.

அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. குளிர். சுத்த சைவம் என்பதால் தனியாகச் சமைத்துச் சாப்பாடு. போர்க்காலத்தில் காய்கறிக்கும் தட்டுப்பாடு. ஊரில் அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை, கடிதங்கள் ஒழுங்காக வரவில்லை. ஆனாலும் வேலை நடந்தது. 1916 மார்ச்சில் ஆய்வின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. ஃபெயில் ஆனவருக்கு நேரடியாகப் பட்டம்!

1917-ல் நோய் விழுந்தது. மருத்துவமனைகள், சானடோரியங்கள். அதே ஆண்டு டிரினிட்டி ஃபெல்லோஷிப்புக்கும் முதல் முறை தேர்வாகவில்லை. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அக்டோபரில் டிரினிட்டியும் ஃபெல்லோ ஆக்கியது. அந்தக் கல்லூரியில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். கடைசி நாட்கள் வரை ஜானகி பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. காசநோய் என்றே அன்று நினைத்தார்கள். பின்னாளில் அவருடைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். பச்சையப்பன் கல்லூரி நாட்களில் வந்த அந்த வயிற்றுப்போக்கு ஞாபகம் இருக்கா? ஒரு தேர்வைக் கெடுத்த நோயே கடைசியில் உயிரையும் எடுத்திருக்கலாம்.

யாருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை?

இந்தக் கதையை வச்சு மார்க் எல்லாம் சும்மான்னு ஸ்டேட்டஸ் போடக் கிளம்பிடாதீங்க. கொஞ்சம் பொறுங்க.

ராமானுஜன் ஏழைதான். ஆனா, அவரை அடையாளம் கண்ட டெபுடி கலெக்டர், கலெக்டர், பேராசிரியர், தலைமைக் கணக்கர் எல்லாரும் அவருடைய சமூகத்தவர் அல்லது அதையொட்டிய வட்டம். அவங்க வீட்டு வாசலுக்கு ஒரு நோட்டோட போய் நிக்க அவரால முடிஞ்சது. அதே 1910-ல், பனமலை ஏரிக்கரையில மாடு மேய்ச்ச ஒரு பையன்கிட்ட அதே மூளை இருந்திருந்தா, அவனுக்கு அந்த நோட்டே கிடைச்சிருக்காது.

பெண்களுக்கு? ராமானுஜன் கல்லூரியில் கால் வைத்த அதே காலத்தில், பக்கத்துப் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். மார்க் பிரச்னையே இல்லை. பெண் என்பதும், தாயின் சமூகமும்தான் தடை. மன்னர் தலையிட்டுத்தான் சீட் கிடைத்தது. அவர்தான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஜானகிக்கோ அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கணவர் இறந்தபின் தையல் தைத்துத் தன் காலில் நின்றார். 1994-ல்தான் இறந்தார்.

சரி, இன்னைக்கு ராமானுஜன் ப்ளஸ் டூ எழுதியிருந்தா? ஒரு பாடத்துல ஃபெயில்னா பொறியியல் கலந்தாய்வுக்கே போக முடியாது. ஐ.ஐ.டி-க்கும் ஜே.இ.இ. ரேங்க் மட்டும் போதாது, ப்ளஸ் டூ-வுல 75 சதவிகிதமோ, போர்டுல முதல் 20 பர்சென்டைலோ வேணும். அந்த வகையில கதவு இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு.

ஆனா, பக்கவாட்டுல சில கதவுகள் திறந்திருக்கு. இந்தியப் புள்ளியியல் நிறுவனம், தேசியக் கணித ஒலிம்பியாட்டில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு எழுத்துத் தேர்விலிருந்து விலக்குத் தருகிறது. சென்னை ஐ.ஐ.டி விளையாட்டு, கலை, அறிவியல் ஒலிம்பியாட் சாதனையாளர்களுக்குத் தனி இடங்களை அண்மையில் உருவாக்கியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கு. ஒரு பாடம் போச்சுன்னா அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கு. ராமானுஜனுக்கு இதுல எதுவுமே இல்லை.

உங்களோட வாய்ப்பைக் கணக்குப் போடறப்போ மூணு கேள்வி கேளுங்க. என் மார்க் என்ன? மார்க்குல தெரியாத எந்த வேலையை நான் செஞ்சு வச்சிருக்கேன்? அந்த வேலையைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரு, அவங்க முன்னாடி அதைக் கொண்டுபோய் வச்சேனா? ராமானுஜனுக்கு முதல் கேள்வியில பூஜ்யம். ரெண்டாவதுல மலை. மூணாவதுக்குத்தான் திருக்கோவிலூர் ரயிலும், நெல்லூர் கலெக்டரும், நாலு பேராசிரியர்களும். மூணு பேர் முடியாதுன்ன பிறகும் ஹார்டிக்குத் தபால் போட்டாரே, அதுதான் அந்த மூணாவது கேள்விக்கு அவரோட பதில்.

கடைசியா ஒரு விஷயம். 1919 ஜனவரியில், இங்கிலாந்தில் மருத்துவமனைக் காலம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன், சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு தொடர்ந்து தர முன்வந்திருந்தது. அவர் அது தனக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு 50 பவுண்டு அனுப்பி, தன் அவசியச் செலவுக்கும் எடுத்ததுபோக மிச்சத்தை ஏழைகளும் அநாதைகளுமான பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுக்கச் சொன்னார்.

32 ரூபாய் கட்ட முடியாம ஒரு காலத்துல வீட்டை விட்டு ஓடின பையன், கையில காசு வந்ததும் முதல்ல நினைச்சது கட்டணம் கட்ட முடியாத இன்னொரு பையனை.

பனமலைத் தம்பிக்கு அன்னைக்கு நான் பதில் சொல்லலை. இப்போ சொல்றேன். உன் நம்பரை வச்சு சீட் கிடைக்குமான்னு கலந்தாய்வு நாள்ல தெரிஞ்சுடும். அதுக்குள்ள உன் கணக்கு நோட்டை எடுத்துட்டு, உங்க ஊர்ல கணக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வாத்தியாரைப் போய்ப் பாரு. அவர் இன்னொருத்தருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தா, அதை வாங்கிக்கிட்டு அங்கயும் போ.